கடைவாய்ப் பல்

மாமியார்: வாயைத் திற, பாப்போம்.

மருமகள்: வேணாம் அத்தை... வலிக்குது.

மாமியார்: எந்தப் பக்கம்?

மருமகள்: இடது.

மாமியார்: நேத்து வலதுன்னியே?

மருமகள்: ரெண்டும்தான்.

மாமியார்: அடேங்கப்பா! கன்னத்துல வீக்கமே காணோம். எனக்குப் பிடுங்கினப்போ மூஞ்சி பூசணிக்கா ஆயிடுச்சு.

மருமகள்: இப்பல்லாம் நல்ல மருந்து வந்திருக்கு.

மாமியார்: அதான் இவ்வளவு தெளிவா பேசுறியாக்கும்.

மருமகள்: ...ம்ம்.

மாமியார்: பல்லு டாக்டர்கிட்ட குழந்தை படமா மாட்டி வெச்சிருக்கே?

மருமகள்: அங்க கட்டில் இல்லைன்னு இங்க போட்டுட்டாங்க.

மாமியார்: சரிதான். உன் புருஷன் வெளிய தேம்பித் தேம்பி அழுறான். ஏன்டான்னா, ‘ரொம்ப நல்ல பல்லும்மா’ங்கறான்.

மருமகள்: ஐயோ, சிரிக்க வைக்காதீங்க... ஆ!

மாமியார்: பல்லு வலிக்கு ஏன்டி வயித்தைப் பிடிக்கிறே?

நர்ஸ்: சிரிச்சா வயித்துத் தையல் இழுக்கும்னு சொன்னேன்ல?

மருமகள்: சிஸ்டர்!

நர்ஸ்: நான் ஒண்ணும் சொல்லலம்மா. வரேன்.

மாமியார்: ம்... வேரு ரொம்ப ஆழம் போல.

மருமகள்: அத்தை... பல்லு இல்ல.

மாமியார்: அப்படியா!

மருமகள்: சினைப்பையில கட்டி. ரெண்டு பக்கமும். புத்துநோய் இல்ல... எங்கம்மா வழியில வர்ற வியாதி. அம்மாவுக்குச் சினைப்பையோட எடுத்துட்டாங்க. எனக்குக் கட்டியை மட்டும் எடுக்கப் பாக்கறோம், முடியலைன்னா எல்லாத்தையும் எடுத்துடுவோம்னாங்க.

மாமியார்: இதை ஏன் மறைச்சே?

மருமகள்: பொறக்குற குழந்தைக்கும் வரலாமாம். பாதிக்குப் பாதி. என்ன வீட்டுல பொண்ணு எடுத்தோம்னு நீங்க...

மாமியார்: எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் முப்பதுலயே வழுக்கை. சொல்லிட்டா உனக்குக் கட்டி வெச்சோம்?

மருமகள்: விளையாடாதீங்க அத்தை! முழிச்சதுலேர்ந்து கேக்கறேன், டாக்டர் வந்து சொல்வாங்கங்கறாங்க. அவரும் உள்ள வரல. வெளிய அழுறாருன்னா... ரெண்டும் போயிடுச்சு, இல்ல? இனி எனக்குக் குழந்தையே...

மாமியார்: அடி பைத்தியம், ரெண்டும் பத்திரமா இருக்கு! கட்டியை மட்டும்தான் எடுத்திருக்காங்க.

மருமகள்: நிஜமாவா? உங்களுக்கு... உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமியார்: ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃப்ரிட்ஜ் மேலயே வெச்சுட்டு வந்துட்டியே, அதைத் தூக்கிக்கிட்டு காலையில ஓடி வந்தது யாருன்னு நெனச்சே? உன் வாயாலயே வரட்டும்னுதான் பாத்தேன். டாக்டர் கதவைத் திறந்து சொன்னப்போ, முதல்ல ஓன்னு அழுதவ நான்தான்டி.