அவர் சொன்னதும் நான் சொன்னதும்

மொழிபெயர்க்கிறவன் காரம் சாப்பிடக் கூடாது, ஐயா. தொண்டை கட்டிக்கொண்டால் கூட்டம் கலைந்துவிடும். போதகரோடு இருந்த காலமெல்லாம் நாக்கைக் கட்டித்தான் சாப்பிட்டேன். என் வேலையை நான் ஒருநாளும் அலட்சியமாகச் செய்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போதகரும் அவர் மனைவியும் கடல் தாண்டி வந்தவர்கள். வந்து இறங்கியபோது நம் பேச்சில் தண்ணீர் கேட்கக்கூட அவர்களுக்குத் தெரியாது. துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு பழகியதில் எனக்கு அவர்கள் மொழி வந்திருந்தது. பழைய சாக்குக் கிடங்கு ஒன்றை மூவருமாகக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். முன்பக்கம் ஜெபக்கூடம், பின்பக்கம் போதகர் மனைவியின் மருந்தறை. அவரை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா நர்சிங் படித்தவர். அவர் புண் கட்டிவிட்ட கைகளே பிறகு எங்கள் கூரையில் கல்லும் எறிந்தன. மறுபடி புண்ணானால் மறுபடி அவரிடமே வந்தார்கள். அம்மா எதுவும் கேட்காமல் கட்டிவிடுவார்.

ஒருமுறை ஊர்க்காரர்கள் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். போதகருக்கு அப்போது கோபம் அதிகம். "என் மேல கை வச்சா கடவுள் உங்கள சும்மா விடமாட்டார்" என்றார். நான் அதை, "நானும் உங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதான், அடிக்கணும்னு தோணினா அடிச்சுக்கோங்க" என்று மாற்றிச் சொன்னேன். கடப்பாரையை ஓங்கியவன் கீழே போட்டான். கடவுள் காப்பாற்றினார் என்று போதகர் முழங்காலிட்டார். பக்கத்தில் நானும் முழங்காலிட்டேன். அன்று நான் சொன்னது முழுப் பொய். அதற்காக யாரும் என்னை இப்படி உட்காரவைத்து விசாரிக்கவில்லை.

முதலில் எங்களிடம் வந்து சேர்ந்தவர் ஒரு லாரி மெக்கானிக். அதற்காக அவருடைய அண்ணன்மார் அவரைப் பட்டறையிலேயே போட்டு ஸ்பேனரால் அடித்தார்கள். இடது கண் போய்விட்டது. அடுத்த ஞாயிறு கட்டுப் போட்ட முகத்தோடு முன்வரிசையில் வந்து நின்று, சுருதியே சேராமல் உரக்கப் பாடினார். போதகர் குழந்தை மாதிரி அழுதார். ஊழியத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கூட்டம் முடிந்து மெக்கானிக் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன ஐயா, நீங்க சொன்ன வார்த்தைதான் எனக்குள்ள போய் உக்காந்துடுச்சு" என்றார்.

உண்மைதான். அவர் மனம் மாறிய அன்று போதகர் ஏதோ வம்ச வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் கொட்டாவி விட்டது. அதனால் நான், காணாமல் போன பிள்ளைக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றிச் சொன்னேன். அப்படியே வழக்கமாகிவிட்டது. போதகர் வாயசைப்பார், நான் பேசுவேன். ஜனங்கள் அவர் முகத்தையா பார்த்தார்கள்? என் வாயைத்தான் பார்த்தார்கள்.

பிறகு போதகர் நம் மொழியைப் படிக்க ஆரம்பித்தார். கடவுள் உங்களை அழைக்கிறார் என்பதற்குப் பதில் அழிக்கிறார் என்று ஒருநாள் சொல்லிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். கூட்டத்தின் சிரிப்புக்குள் அவர் மேல் ஒரு பாசம் இருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் உணர்ந்தேன்.

சில மாதங்கள் கழித்து என் தோளில் கைபோட்டுச் சொன்னார். "தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நானே பேசிப் பாக்கறேன். இத்தனை வருஷம் நின்னுக்கிட்டே இருந்துட்டீங்க. இனிமே உக்காந்து கேளுங்க." எனக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலியும் போட்டுவைத்தார். அன்பாகத்தான் செய்தார். எனக்குக் கோபம் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம்தான் செங்கல் சூளைக்காரரின் மகள் இறந்தாள். காய்ச்சல் முற்றிய பிறகு தூக்கி வந்திருந்தார்கள். அம்மா மருந்து கொடுத்தார், பலிக்கவில்லை. மத்தியானம் சூளையில் வேலை செய்த அத்தனை பேரும் கிடங்குக்கு வந்துவிட்டார்கள். கையில் கம்பியும் செங்கல்லும். உடம்பெல்லாம் செம்மண் தூசி.

போதகர் வெளியே வந்தார். பயத்தில், படித்த மொழி அவரை விட்டுப் போய்விட்டது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தன் மொழியிலேயே சொன்னார். "தம்பி, இத அப்படியே சொல்லுங்க. உங்க பொண்ணுக்காக நானும் அழறேன். நானும் ஒரு பொண்ண மண்ணுல வச்சவன். எங்க மேல தப்பு இருந்தா நீங்க குடுக்கற தண்டனைய வாங்கிக்கறேன்."

சூளைக்காரர் என் வாயைப் பார்த்தார். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"ஐயா சொல்றாரு," என்றேன், "நம்பாதவன் வீட்டுல பிள்ளை தங்காதாம். உன் பொண்ணு செத்தது உனக்கு விழுந்த தண்டனையாம்."

முதல் செங்கல் போதகரின் தாடையில் பட்டது. பல் தெறித்து என் சட்டையில் விழுந்தது. நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். என்னை யாரும் தொடவில்லை. முட்டியில் அடித்தார்கள். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை முதுகில் அடித்தார்கள். மெக்கானிக் எங்கிருந்தோ ஓடிவந்து அவர் மேல் கவிழ்ந்து படுத்தார். அவரை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். மிச்சமிருந்த கண்ணும் இப்போது இல்லை என்கிறார்கள்.

தரையில் கிடந்த போதகருக்கு அப்போதுதான் நம் மொழி திரும்பி வந்தது. வாயில் ரத்தம், பல் இல்லை, இலக்கணமும் இல்லை. "நான்... அழுவு... உன் பொண்ணு... என் பொண்ணு" என்றார். சூளைக்காரர் ஓங்கிய கம்பியை அப்படியே நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றான்?"

நான் பதில் சொன்னேன். கம்பி இறங்கியது. அதற்குமேல் நெடுநேரம் ஆகவில்லை.

போதகரின் அடக்கத்தன்று பேச வேறு ஆள் இல்லை. பக்கத்தில் யாரும் முணுமுணுக்காமல் முதல்முறையாக நானே பேசினேன். சூளையில் வேலை செய்கிறவர்களில் சிலர்கூடப் பின்வரிசையில் நின்று தேம்பினார்கள். போதகர் எனக்குப் போட்டுவைத்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்தார். ஒரு பிசிறுகூட இல்லாமல் நம் மொழியில் பேசினார்.

"தம்பி, மருந்தறைக்கு வர்ற பொம்பளைங்க கிட்ட பேசிப் பேசி எனக்கு உங்க பாஷை வந்து ரொம்ப நாளாச்சு. அன்னைக்குக் கதவுக்குப் பின்னாடி என்னைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. வாயப் பொத்திட்டாங்க. காதப் பொத்தல. நீங்க சொன்ன ரெண்டையும் கேட்டேன்."

பிறகு உங்களிடம் வந்தார். கூச்சலில் அவர் தவறாகக் கேட்டிருக்கலாம் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அம்மா கேட்டது சரி. சூளைக்காரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உன் பொண்ணு நரகத்துல வேகறான்னு சொல்றாரு." அந்தக் கம்பியை இறக்கியது நான்தான். அவரைக் கொன்றது நான்தான்.

ஆனால் அடக்கத்தில் நான் பேசியதைப் பற்றி யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், ஐயா. அதைக் கேட்டிருந்தால் போதகர் என்னை மறுபடியும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டிருப்பார்.