வேப்பிலை விழுது

அலர்மேல்மங்கை: கதவைத் தாழ்ப்பாள் போட்டியா? ம்... இன்னும் கொஞ்சம் தடவிக்கோ. கொழுந்தாப் பாத்துப் பறிச்ச வேப்பிலை.

ஸ்னேஹா: நாலு நாளா தடவறேம்மா. தேஜஸ் அசரவே மாட்டேங்கறான். நக்கிட்டுக் குடிக்கறான்.

அலர்மேல்மங்கை: ஒன்றரை வயசு ஆறது. பல்லு வந்தாச்சு, பேச்சு வந்தாச்சு. இன்னும் மடியிலேயே கிடந்தா எப்படி? நீ டப்ளினுக்கு வேலைக்குப் போகணுமோ, வேண்டாமோ?

ஸ்னேஹா: அதான் அப்பா தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவுல மைக்கைப் பிடிச்சு சொல்லிட்டாரே... எங்காத்து மாட்டுப்பொண் ஐரோப்பாவையே நிர்வாகம் பண்ணப் போறான்னு.

அலர்மேல்மங்கை: ஆமா. அல்சூர் ஏரி மீனுக்கெல்லாம் கேட்டிருக்கும். ரிடையர் ஆயும் விதான சௌதா உத்தியோகத்தை இன்னும் தோள்லேர்ந்து எறக்கலை மனுஷன்...

ரித்விக்: அம்மா! ஆய்த்தா?

அலர்மேல்மங்கை: எதுடா? கதவைத் தட்டாதே.

ரித்விக்: தாய்ப்பால் நிறுத்தற ப்ராசஸ். இதை நாங்க ஒரு டீமா பண்றோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன்.

அலர்மேல்மங்கை: அந்த டீமை, ராத்திரி அழற குழந்தையை ஒரு நாளாவது தூக்கச் சொல்லேன்.

ரித்விக்: இன்வெஸ்டர் கால்மா! அப்புறம் வரேன்...

ஸ்னேஹா: போயாச்சா?

அலர்மேல்மங்கை: போயிட்டான். அவன் கம்பெனி என்னிக்கு ஒரு ரூபாயைக் கண்ணால பாக்கறதோ... அதுவரைக்கும் உன் சம்பளந்தானே. போய்ட்டு வா. ரெண்டே வருஷம். குழந்தையை நான் பாத்துக்க மாட்டேனா?

ஸ்னேஹா: பாத்துப்பேள். அம்மா... இன்னிக்கு இந்த விழுதை விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன்.

அலர்மேல்மங்கை: உனக்கெதுக்கு அந்த வேலை!

ஸ்னேஹா: கசக்கவே இல்லை.

அலர்மேல்மங்கை: இளங்கொழுந்தோல்லியோ...

ஸ்னேஹா: உப்பு போட்டிருந்தா இட்லிக்குத் தொட்டுண்டிருப்பேன். கொத்தமல்லிம்மா அது.

அலர்மேல்மங்கை: மெதுவாப் பேசு.

ஸ்னேஹா: ஏம்மா?

அலர்மேல்மங்கை: குழந்தை பால் மறந்தாத்தான் டிக்கெட்னு நீ சொல்லியிருக்கே. மறக்காம இருந்தா...

ஸ்னேஹா: போகாதேன்னு சொல்லியிருக்கலாமே.

அலர்மேல்மங்கை: சொன்னா, மருமகளை முன்னேற விடாத மாமியார்னு அப்பனும் பிள்ளையும் என்னை உக்கார வெச்சு உபதேசம் பண்ணுவா. நீ போயிட்டா இந்த ரெண்டு மேதாவிகளுக்கு நடுவுல நான் யார்கிட்டடீ பேசறது? ராத்திரி அம்மான்னு குழந்தை தேடினா... எதைக் காட்டறது?

ஸ்னேஹா: அழாதேங்கோம்மா. இனிமே எதையும் அரைக்க வேண்டாம்.

அலர்மேல்மங்கை: ஏன்?

ஸ்னேஹா: நீங்க அரைக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பால் வத்திடுத்து. சும்மா சப்பிண்டே தூங்கிடறான். தெரிஞ்சா உங்க பிள்ளை உடனே டிக்கெட் போட்டுடுவார்னு... நான் மூச்சு விடலை.

அலர்மேல்மங்கை: அடிப் பாவி... எங்கிட்டயுமா?

ஸ்னேஹா: நீங்கதானேம்மா தினம் வேப்பிலையோட வந்து நின்னேள்.

ரித்விக்: அம்மா! கால் முடிஞ்சுது. என்ன, நிறுத்தியாச்சா?

அலர்மேல்மங்கை: எங்கேடா! முட்டி முட்டிக் குடிக்கறான். இன்னும் ஆறு மாசமாவது ஆகும் போலிருக்கு. டிக்கெட்டுக்கு அவசரப்படாதே.

ரித்விக்: டிக்கெட்டா? அது போன வாரமே போட்டாச்சும்மா. வர வெள்ளிக்கிழமை ஃப்ளைட். சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லலை... கதவைத் திறம்மா, டிக்கெட்டைக் காட்டறேன்.