போட்டியாளர் பெயர்

மங்கலம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். படிப்பது தொழில்முனைவு என்று மடியிலிருந்த ஃபைல் சொன்னது. ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“ப்ராஜெக்ட்டுல எங்க பனியன் யூனிட்டுக்கு போட்டியாளர் யாருன்னு கேட்டதுக்கு உங்கப்பா பேர எழுதிட்டேன் புள்ள.”

மற்றவள் சிரித்தாள். “பக்கத்து யூனிட்டு அவருதானே. எப்படி ஜெயிப்பீன்னு எழுதுன?”

“உங்கூட்டு ஓவர்லாக் மெஷின் ரிப்பேரானா, இனி எங்க மெஷின இரவல் குடுக்கமாட்டோம்னு.”

“அடிப்பாவி! உங்கப்பா படிச்சாரா?”

“படிச்சாரு. ‘அப்ப நம்ம மெஷின் ரிப்பேரானா எங்க போறது கண்ணு?’ன்னாரு.”

“அப்புறம்?”

“போட்டியாளர அடிச்சுட்டு, கூட்டாளின்னு எழுதிட்டேன். மார்க்கு போயிரும்.”

“குடு, பாத்து எழுதிக்கறேன். போனா ரெண்டு பேருக்கும் போகட்டும்.”