மருந்து அலமாரியின் கடவுச்சொல்

என் இரண்டு கண்கள் மீதும், அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி மீதும் சத்தியம், ஆய்வாளர் ஐயா. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அந்த மருத்துவமனையின் கணினிகளை இருபத்தாறு வருடம் கட்டி மேய்த்தவன் நான். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போடும் விதத்தை வைத்தே அவருடைய கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவேன். ஒருமுறை பல் டாக்டரின் தும்மலிலிருந்து மூன்று எழுத்தைப் பிடித்திருக்கிறேன்.

பெரிய டாக்டர் தன் மகளின் பெயரோடு அவள் பிறந்த வருடத்தைச் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பெயர் அவருடைய காரின் பின்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் உலகத்திலுள்ள எல்லாப் பூட்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தார். உயிர்காக்கும் ஊசிகள் இருக்கும் இரும்பு அலமாரி, கடவுச்சொல்லை அடித்தால்தான் திறக்கும். அதற்குத் தலைமை நர்ஸ் வைத்திருந்தது ஒன்றிலிருந்து ஆறு வரை.

தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலைந்து சொற்களைக் கோத்து ஒரு காட்சியாக்குங்கள். 'நொண்டி ஒட்டகம் நீலக் குடைக்கு இஸ்திரி போட்டது.' நீளமானது, எவனாலும் ஊகிக்க முடியாது, ஒரு தடவை மனதில் பார்த்துவிட்டால் சாகும்வரை மறக்காது.

"பெருசு இன்னைக்கும் ஒட்டகத்த ஓட்டிட்டு வந்துருச்சு" என்று சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலமாரியின் கடவுச்சொல்லை மாற்றினேன். வேறு வழியில் அதைத் திறக்கும் அதிகாரம் என் கணினிக்கு மட்டும் உண்டு. அதற்கும் அதே சொல்லை வைத்தேன். அவ்வளவு அருமையான சொல்.

பத்து மணி சுமாருக்குத் தலைமை நர்ஸ் ஓடிவந்தார்.

"ஐயா, அலமாரி திறக்க மாட்டேங்குது. நேத்து வரைக்கும் ஒண்ணு ரெண்டு மூணு போட்டா திறந்துச்சே?"

"அதுல என்ன தப்புன்னு சொல்லும்மா, பாப்போம்."

"தப்பையெல்லாம் அப்புறம் பேசலாம் ஐயா. ஏழாம் நம்பர் பெட் தையல்காரருக்கு மூச்சு இழுக்குது. சொல்லுங்க."

நான் எழுந்துபோய் என் அறைக் கதவைத் தாழிட்டேன். பெரிய டாக்டர் வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். "யோவ், ஒரு உசுருய்யா. சொல்லித் தொலைய்யா." அவர் என்னை 'யோவ்' என்றது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறக்கவில்லை. பத்து முப்பத்தெட்டுக்குத் தையல்காரர் போய்விட்டார். பத்து நாற்பத்தைந்துக்குக் கடப்பாரையால் அலமாரியைத் திறந்தார்கள். தையல்காரர் நல்ல மனிதர். முந்தின நாள்தான் என் சட்டைக் காலரைப் பார்த்து, "வாங்க சார், திருப்பித் தெச்சுத் தர்றேன்" என்று படுக்கையிலிருந்தபடியே சொன்னார்.

என் வக்கீல் என்னவோ 'வயசு', 'ஞாபகம்' என்றெல்லாம் இழுக்கிறார். அந்தப் பேச்சே வேண்டாம். வேண்டுமென்றே சொல்லவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். கொள்கைக்காகக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அது என்ன சொல் என்று பதினோரு நாளாகக் கேட்கிறீர்கள். அதையும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் காட்டிய கணினிப் பதிவு சரியானதுதான். பத்து ஐந்திலிருந்து பத்து நாற்பத்தைந்து வரை, என் இருக்கையிலிருந்து, தவறான கடவுச்சொல் அறுபத்து மூன்று தடவை அடிக்கப்பட்டிருக்கிறது.