“சொல்லியாச்சோ?” என்று கேட்ட குரலுக்கு

பனி படர்ந்த மண்ணில் பைந்தமிழ் பரப்பிய பண்பாளரே, ‘பனிமுரசு’ வானொலியின் முதற் குரலே, எட்டாண்டுகள் எங்களை அதட்டியும் அணைத்தும் ஆளாக்கிய அன்பு அக்கா, திருமதி தவமணி விநாயகமூர்த்தி அவர்களே,

தங்களை வாழ்த்தி விடைதரக் கூடியிருக்கிறோம். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க நாங்கள் வாசிப்பது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பிழை இருந்தால் வழமைபோல முறைத்துப் பாருங்கள், திருத்திக்கொள்வோம்.

1991 புரட்டாதியில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலிருந்த சிற்றறையில் நம் வானொலி பிறந்தது. சுவரெல்லாம் முட்டை அடுக்கும் அட்டைகள். கீழே கடையின் குளிர்ப்பெட்டி இரைந்தால் மேலே செய்தியும் இரையும். நம் ஒலிபரப்பைக் கேட்க நேயர்கள் தனியாக ஒரு வானொலிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. அதைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, உங்கள் குரலைக் கேட்டுத் தேநீர் குடித்துவிட்டுத்தான் பலர் வேலைக்குப் புறப்பட்டார்கள். செய்தி, காலநிலை, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வாசித்தீர்கள். ஆனால் ஊரோடு தொலைபேசியில் பேசுவதே அரிதாயிருந்த அந்நாட்களில், எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது மரண அறிவித்தலைத்தான்.

1992 மார்கழியில் நடந்ததை மறைத்துவிட்டுப் பாராட்டினால் அதை நீங்களே ஏற்கமாட்டீர்கள். ஊரில் காலமான ஒரு தாயின் அறிவித்தலை, பிள்ளைகளின் பெயர்களோடு தெளிவாக வாசித்தீர்கள். அவருடைய இளைய மகன் அல்பேட், பாண் சுடும் தொழிற்சாலையொன்றின் சாப்பாட்டு அறையில் இருந்து அதைக் கேட்டார். தாய் இறந்ததை அவர் அறிந்ததே அப்போதுதான். அறிவித்தல் தந்த தமையன், தம்பிக்கு வேறு யாரும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். அன்று மாலையே பஸ்ஸும் ரயிலும் ஏறி அஜக்ஸுக்குப் போய், அல்பேட்டின் வாசலில் நின்றீர்கள்.

“உங்களிலை பிழையில்லை அக்கா. ஆனா கையிலை சாப்பாட்டோடை, எல்லாருக்கும் முன்னாலை கேட்டுப்போட்டன்,” என்றாராம் அவர்.

மறுநாள் ஒரு கொப்பியோடு வந்தீர்கள். அன்றிலிருந்து, இறந்தவரின் பிள்ளைகள், சகோதரர் அனைவருக்கும் சொல்லியாச்சோ என்று கேட்டு, பெயருக்குப் பெயர் சரி போட்ட பின்னரே வாசித்தீர்கள். மற்ற வானொலிகள் முந்திக்கொண்டன. நேயர் குறைகிறார்கள் என்று முகாமையாளர் பத்மநாதன் அண்ணை முணுமுணுத்தபோது, நிலையத்துக் கதவின் திறப்பை அவர் மேசையில் வைத்தீர்கள்.

“முந்தி வாசிக்கிற ஆளைப் பிடியுங்கோ அண்ணை. நான் வாசிக்கமாட்டன்.”

அண்ணை திறப்பைத் திருப்பித் தந்தார். தன் வாழ்நாளில் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான் என்று இன்றும் சொல்லித் திரிகிறார்.

1997 பங்குனியில் ஒரு காலை, நீங்கள் நேரலையில் இருக்கையில் தொலைநகலில் வந்த அறிவித்தலில் உங்கள் தமையனாரின் பெயர் இருந்தது. ஒலிக்கட்டுப்பாட்டாளர் துர்க்கா அந்தத் தாளை மறைத்துக்கொண்டார். புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையை நீட்டினீர்கள். துர்க்கா நீண்ட பாட்டொன்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்து, அருகில் இருந்து சொன்னார்.

“மொன்றியல் அக்காவுக்குச் சொல்லியாச்சோ?” என்று மட்டும் கேட்டீர்கள்.

இன்னும் மூன்று பாட்டுகள் போயின. மொன்றியலில் இருந்த உங்கள் அக்காவோடு பேசிவிட்டு வந்து, தங்கையென்று உங்கள் பெயரும் இருந்த அந்த அறிவித்தலை நீங்களே வாசித்தீர்கள். உங்கள் குரல் தழுதழுக்கவில்லை. நாங்கள்தான் அழுதோம்.

இனியாவது ஐந்து மணி அலாரம் இல்லாமல் உறங்குங்கள், அக்கா. நோய் நொடி நெருங்காமல், நிறைந்த மனத்தோடும் குறையாத குரலோடும் நூறாண்டு வாழுங்கள். நாங்கள் உங்களை மிகவும் தேடுவோம்.

கொப்பி இப்போது துர்க்காவின் கையில். இம்மடலை எழுதும் வேளையிலும் மேசையில் ஓர் அறிவித்தல் கிடக்கிறது. மற்ற வானொலிகள் அதைக் காலையிலேயே வாசித்துவிட்டன. விட்பியில் இருக்கும் மகள் இன்னும் வேலையால் வீடு திரும்பவில்லை. நாங்கள் வாசிக்கவில்லை.

என்றும் உங்கள் சொற்படி,
பனிமுரசு வானொலிப் பணியாளர்கள்
ஸ்காபரோ, ஆவணி 1999