வரம்பு கட்டியவர்

கும்பளங்கியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு வாத்தியார். தான் எழுதிய ஊர் வரலாற்றைப் பக்கத்தில் இருந்த கூலிக்காரப் பெண்ணிடம் காட்டினார்.

"வயல்ல உப்புத்தண்ணி ஏறாம வரம்பு கட்டினது முதலாளியாக்கும், சேச்சி."

"அவரா? சேறு சுமந்து இடுப்பொடிஞ்சு படுத்தது எங்கப்பா, சாரே. எங்கப்பா பேரு எங்க?"

"புஸ்தகம் அச்சடிச்சாச்சே. இதோ பாருங்க, மம்பட்டியோட முதலாளி போட்டோ."

அவள் குனிந்து பார்த்தாள்.

"மம்பட்டியத் திருப்பிப் பிடிச்சிருக்காரே! இப்படி வெட்டினா ஒரு பிடி சேறு வருமா?"

பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வாத்தியார் அவசரமாகப் புத்தகத்தை மூடினார்.

"மூடாதீங்க சாரே, பேனா எடுங்க. இவரு போட்டோவுக்கு நின்னவரு, வரம்பு கட்டினவரு எங்கப்பா வேலன்னு எழுதுங்க."