கை வைக்காத நாலு வாரம்

இல்ல சார், ஃபைலைத் தர முடியாது. அச்சடிச்சு எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பறேன்னு சொல்றீங்க, சந்தோஷம், ஆனா வேணாம். கோவிச்சுக்காதீங்க. டீ ஆறுது பாருங்க, குடிங்க. மரகதக்கா போட்டா இஞ்சி ஜாஸ்தியாத்தான் இருக்கும். ஆயா வேலைதான், ஆனா எங்க ஸ்டாஃப் ரூமே அவங்க கைலதான் ஓடுது. எனக்கு சுகர்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு தனியா ஒரு கப்பு போடுவாங்க.

காரணமா? சொல்றேன். ட்ரெய்னிங்ல நீங்கதானே சொன்னீங்க, டீச்சருங்களும் ஆராய்ச்சி பண்ணலாம், உங்க கிளாஸ்லயே ஒரு பிரச்சனையை எடுங்கன்னு. நான் எடுத்தது மூணாவது பீரியட். அஞ்சாங்கிளாஸ் பசங்க முப்பத்திரண்டு பேரும் அந்த நேரத்துல எங்கயோ பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. பெஞ்சை வட்டமா போட்டா சரியாகுமான்னு பாக்கலாம்னு. ஆனா அதுக்கு முன்னாடி நாலு வாரம் எதையும் மாத்தாம, நடக்கறதை அப்படியே குறிச்சு வைக்கணும், நடுவுல கை வெச்சா எல்லாம் கெட்டுடும்னு சொன்னீங்க. ஐயோ, உங்களைக் குத்தம் சொல்லல சார். நீங்க சரியாத்தான் சொன்னீங்க. அப்படியே பிடிச்சுக்கிட்டவ நான்.

பேர் எழுதக்கூடாது இல்ல, அதனால ஏ-1, பி-4ன்னு போட்டேன். கவனிக்காத பிள்ளை கண்ல பட்டா மணியைப் போட்டு ஒரு இன்ட்டு மார்க்.

பி-4க்குத்தான் ஜாஸ்தி. எழுதிட்டே இருப்பா, பாதி வார்த்தைல நின்னுடும். கண்ணு தெறந்திருக்கும், பென்சில் கைலயே இருக்கும். பத்து செகண்ட். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மீதியை எழுதுவா. நான் ஒரு இன்ட்டு போடுவேன். மூணாவது வாரம், கூப்பிட்டு என்னம்மான்னு கேக்கலாம், அவ அம்மாகிட்ட சொல்லலாம்னு தோணுச்சு. தோணாம இல்ல. இன்னும் ஒரு வாரம்தானே, முடியட்டும்னு விட்டுட்டேன்.

நாலாவது வாரம் வியாழக்கிழமை, ஸ்கூல் விட்டு ரோடு தாண்டும்போது நட்ட நடுவுல நின்னுட்டா. டெம்போக்காரன் ஹாரன் அடிச்சானாம், ஹோகம்மா ஹோகம்மான்னு கன்னடத்துல போகச் சொல்லிக் கத்தினானாம், பொண்ணு அசையலயாம். பயந்து போய் நின்னுட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமான்னேன். அங்கயே போயிடுச்சு சார். பத்து வயசு.

அழுகையா? வரல. ஆறு மாசமா வரல. சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், சர்ச்ல போய் உக்காந்தேன், எதுவும் உள்ள இறங்கல. சாப்பிடறேன், தூங்கறேன், அட்டெண்டன்ஸ் எடுக்கறேன். பிரேசர் டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட ஃபைலைக் காட்டினேன். இது ஒரு மாதிரி வலிப்பும்மா, பெரும்பாலும் மாத்திரைலயே அடங்கிடும், யாரு இவ்ளோ சுத்தமா தேதி, மணி போட்டு எழுதினதுன்னு கேட்டார். நாந்தான்னேன்.

ஆமா, அதுக்கப்புறமும் ஆராய்ச்சியை முடிச்சேன். பெஞ்சை வட்டமா போட்டேன். கடைசிப் பக்கத்துல, ஒரு மாணவி இடையில் விலகினார்னு சின்னதா எழுதியிருக்கேன், நீங்க பாத்திருக்க மாட்டீங்க. கவனக்குறைவு பதினெட்டு பர்சண்ட் குறைஞ்சிருக்குன்னு மெச்சினீங்களே, அதுல பாதி பெஞ்சால வந்தது இல்ல சார். அவளோட இன்ட்டு மார்க்குங்க இல்லாமப் போனதால வந்தது.

அச்சாகி வந்தா யாராவது படிப்பாங்க, யாராவது சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி தெரிய வேண்டியவங்க ஒருத்தர் இருக்காங்க. தினம் பாக்கறேன், தினம் அவங்க கையால வாங்கிக் குடிக்கறேன். வாய் வரல.

இருங்க சார், எழுந்துக்காதீங்க. கப்பு எடுக்க வராங்க.

மரகதக்கா, கப்பு இருக்கட்டும். கதவைச் சாத்திட்டு இப்படி வந்து உக்காருங்க. பரவால்ல, சார் இருக்கட்டும். உங்க பொண்ணு தீபிகாவைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. இந்த ஃபைல்ல பி-4ன்னு இருக்கறது அவதான்.